மூட்டைத் தராசு

முக்கூடல்
12 செப்டம்பர் 2024

தம்பி ஹெப்ரானுக்கு, ரிச்சர்டு அண்ணன் எழுதுதேன்.

நீ என் நம்பரை பிளாக் பண்ணி மூணு வருசம் ஆவுது. உன் மதினி ஜெமிமா போன்ல இருந்து அடிச்சேன், என் குரல் கேட்டதும் கட் பண்ணிட்ட. சரி, தபால்காரனையுமா பிளாக் பண்ணிருவான்னுதான் இந்தக் கடுதாசி. எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசுத மாதிரியேதான் எழுதுவேன். வாசிச்சுட்டுக் கிழிச்சுப் போடு.

எனக்கு உடம்பு சரியில்ல லே. சித்திரை மாசம் பல்லுல சீழ் வச்சு, அதுக்கு மாத்திரை, அது கேக்காம ஊசி, அப்புறம் நெஞ்சுல சளின்னு நானா மெடிக்கல்ல வாங்கின இன்னொரு மாத்திரை. எல்லாம் நின்னுது, வயிறு மட்டும் நிக்கல. மில்லுல உக்கார முடியல. கோயில்ல பிரசங்கம் முடியுத வரைக்கும் இருக்க முடியல. பாளையங்கோட்டைல ஒரு ஆஸ்பத்திரில கிருமி ஒண்ணுக்கு ஏதோ பேரு சொன்னாவ. மருந்து குடிச்சா நிக்குது, நிறுத்தினா திரும்பி வருது. கிட்னியும் சோர்ந்து போவுதாம். என் வேட்டி இப்ப என்னை ரெண்டு சுத்து சுத்துது.

டாக்டர் சொல்லுதாரு, இனி ஒரு வழிதான் இருக்காம். சுகமா இருக்குத ஒரு ஆளோட மலத்தை உப்புத்தண்ணில கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா என் குடல்ல விடணுமாம். அதுல உள்ள நல்ல கிருமி போயி கெட்டதை விரட்டுமாம். முதல்ல நான் அவரைக் கோட்டி பிடிச்சவருன்னுதான் நெனச்சேன். சொந்தத்துல ஆள் பாருங்கன்னாரு. ஜெமிமாவுக்கு சுகர். நம்ம மாமா மவன் ஜெபஸ்டினைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன், டெஸ்டுல தள்ளிட்டாவ. இனி ஊர்ல யார் வீட்டு வாசல்ல போய் நிப்பேன்? "அண்ணாச்சி, கொஞ்சம் பீ தாங்க"ன்னா கேக்க முடியும்?

அப்பதான் உன் ஞாபகம் வந்துது. நீ செய்யுத வேலையே அதுதானாமே. அதோட, அம்புட்டு பெருசா இருந்தவன் உபவாசத்துலயும் ஜெபத்துலயும் பாதியாயிட்டான்னு உங்கம்மா ஜெபகனி சித்தி கோயில்ல சாட்சி சொன்னாவளே, நாங்கல்லாம் ஆமென் சொன்னோமே. கர்த்தரே சுத்தம் பண்ணின வயிறு. உன்னுதை விட நல்லது எனக்கு எங்க கிடைக்கும்?

அந்தப் பழைய விசயத்தை மனசுல வச்சுக்கிடாத. விளையாட்டுக்குச் செஞ்சது. நீயும்தான சிரிச்ச.

பதில் போடு.

ரிச்சர்டு


சென்னை
19 செப்டம்பர் 2024

ரிச்சர்டு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை நிதானமாக.

டாக்டர் கோட்டி இல்லை. அவர் சொன்னது சரி. குடலை வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். நெல் அடர்ந்து நிற்கும்போது களைக்கு இடமில்லை. நீங்கள் கண்டபடி விழுங்கிய மாத்திரைகள் நெல்லைக் கருக்கிவிட்டன. களை மட்டும் பிழைத்துக்கொண்டது. இப்போது தரும் மருந்து களையை அறுக்கிறது, வேரை விட்டுவிடுகிறது. திரும்ப நெல் நட்டால்தான் தீரும். நாற்று இன்னொருவர் குடலிலிருந்துதான் வரவேண்டும்.

என் வேலை பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் சரி. எடை குறைய வயிற்றில் அறுவை செய்துகொள்கிறவர்களின் மலத்தில் அறுவைக்கு முன் என்னென்ன கிருமிகள், பின் என்னென்ன என்று கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் நான் இயந்திரம் ஓட்டுகிறேன். நாற்றமெல்லாம் இல்லை. எங்களிடம் வருவது உறைந்த சின்னக் குப்பிதான். உங்கள் மில்லை விடச் சுத்தமான இடம்.

இனி அந்த விளையாட்டு.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, ஊரார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் கோயில் வாசலில் ஏலம் போய்க்கொண்டிருந்தது. மைக் உங்கள் கையில். நெல் மூட்டைகளை நிறுக்க உங்கள் மில் தராசு வந்திருந்தது. நான் பந்தலுக்குப் பின்னால் நின்றேன். "ஏலே ஹெப்ரானு, இங்கன வா, ஒரு கை பிடி" என்றீர்கள். வந்தேன். தராசில் ஏறச் சொன்னீர்கள். ஏதோ சரிபார்க்கத்தான் என்று நினைத்து ஏறினேன்.

"நூத்தி நாப்பத்திரண்டு கிலோ! கர்த்தருடைய களஞ்சியத்துலயே பெரிய மூட்டை இதுதான் வே! யாரு கேக்கியோ? தீவனச் செலவு எடுக்கிற ஆளுக்கு!"

ஊர் சிரித்தது. குருவானவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையில் டார்லின் வீட்டார். அடுத்த வாரம் நாங்கள் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. டார்லினும் சிரித்தாள். நீங்கள் நிறுத்தவில்லை. "ஒரு தரம், ரெண்டு தரம்... பூசணிக்காயைக் கேக்க ஆள் இருக்கு, இவனைக் கேக்க ஆள் இல்லை. சித்தி, உங்க பொருளை நீங்களே திருப்பிக் கொண்டு போங்க!" அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நானும் சிரித்தேன் என்கிறீர்கள். தராசின் மேல் நிற்கிறவன் வேறு என்ன செய்வான்?

இந்த வருஷப் பண்டிகை அக்டோபர் இருபதாம் தேதி. அதே தராசில் நீங்கள் ஏறுங்கள். மைக் ஜெபஸ்டின் கையில் இருக்கட்டும். எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்று தரம் ஏலம் கூற வேண்டும். முடித்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு என் பதிலைச் சொல்கிறேன்.

ஹெப்ரான்


முக்கூடல்
24 செப்டம்பர் 2024

ஏலே,

நான் செத்தாலும் சாவேன், தராசுல ஏற மாட்டேன்.

யாருகிட்ட கண்டிசன் போடுத? உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஆத்துல குளிப்பாட்டினவன் நான். உங்கப்பா போனப்ப பெட்டிக்கு முன்னால நடந்தவன் நான். ஒரு நாள் சிரிச்சதுக்கு மூணு வருசம் கணக்கு வச்சிருக்க. மூதி, நாலு எழுத்து படிச்சா கருணை போயிருமோ?

ஜெமிமா உன் கடுதாசியை வாசிச்சுட்டு, "செய்யுங்க, உயிரை விடவா மானம்"ங்கா. அவளுக்கு என்ன தெரியும்? நான் கோயில் கமிட்டில இருக்கேன். எட்டு ஊர் நெல்லு என் மில்லுக்கு வருது. என்னைத் தராசுல ஏத்திச் சிரிச்சானுவன்னா நாளைக்கு எவன் மூட்டையை நான் நிறுத்துச் சொன்னா நம்புவான்?

நீ இப்படி இருக்க மாட்டியே லே. என்ன சொன்னாலும் சிரிச்சுட்டுப் போவியே. பந்தியில இலையைப் பாத்து எவனாவது கேலி பண்ணினா, நீதான முதல்ல சிரிப்ப. அந்தப் பய எங்க போனான்?

போன வாரம் மருந்து நிறுத்திப் பாத்தாவ. திரும்ப வந்துட்டு.

ரிச்சர்டு


சென்னை
30 செப்டம்பர் 2024

ரிச்சர்டு அண்ணனுக்கு,

அந்தப் பய எங்கே போனான் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் தினமும் கேட்பது அதைத்தான்.

எங்களிடம் மாதிரி கொடுக்கிற அம்மா ஒருவர், மேலப்பாளையத்துக்காரர். அறுவைக்கு முன் ஒரு சட்டி பிரியாணி தனியாகச் சாப்பிடுவாராம். இப்போது அந்த வாசனையே ஆகவில்லை. அது எடைக்கு நல்லது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மாமியார் முன்னால் வாய் திறக்காதவர், இப்போது எதிர்த்துப் பேசுகிறார். இன்னொருவர், அதிர்ந்து பேசாத வாத்தியார், குடிக்க ஆரம்பித்துவிட்டார். அறுவைக்குப் பிறகு குடலில் பழைய கிருமிகள் போகின்றன, புதுக் கிருமிகள் வருகின்றன. அதனால்தான் ஆசையும் கோபமும் மாறுகின்றனவா, அல்லது மெலிந்த உடம்பு தரும் தைரியமா? இன்னும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்கிறவன் யூடியூப்காரன்.

ஆனால் மாறுகிறார்கள். அது நிச்சயம். சிரித்துவிட்டுப் போகிற ஹெப்ரான் இப்போது இல்லை. அவன் இருந்தபோது அவனை நீங்கள் ஏலம் விட்டீர்கள். ஒருவரும் வாங்கவில்லை. இப்போது வந்து எங்கே என்று கேட்டால் நான் என்ன செய்ய?

தோளில் தூக்கினீர்கள். மறக்கவில்லை. அதே கைதான் மைக்கைப் பிடித்தது.

எட்டு ஊர் என்ன நினைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஊர்தான் இருந்தது.

இருபதாம் தேதி.

ஹெப்ரான்


முக்கூடல்
21 அக்டோபர் 2024

ஹெப்ரானுக்கு,

ஏறினேன்.

நேத்து ஆராதனை முடிஞ்சு, பூசணி எல்லாம் போனப்புறம், நானே நடந்து போயி தராசுல ஏறினேன். ஜெமிமா கையைப் பிடிச்சுக்கிட்டா. ஜெபஸ்டின் என்னைப் பாத்தான், முள்ளைப் பாத்தான், மைக்கைப் பிடிச்சுட்டு நிக்கான். "சொல்லுலே"ன்னேன். "நாப்பத்தொம்பது கிலோ"ன்னான். என் மில்லுல தவிட்டு மூட்டை அதை விடக் கனம்.

நீ நெனச்சது நடக்கல, கேட்டியா. ஒருத்தனும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். எல்லாவனும் தரையைப் பாத்துட்டு நின்னான். குருவானவர் உள்ள போயிட்டாரு. அந்த மூணு தரத்துக்கும் இடையில எம்புட்டு நேரம் இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. எத்தனை வருசமா நான் மைக்கைப் பிடிக்கேன், அந்தப் பக்கம் இருந்து பாத்ததே இல்ல.

ஜெபஸ்டின் "ஒரு தரம்"னான். "ரெண்டு தரம்"னான். அப்ப பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு குரல். "ஒரு கோட்டை நெல்லு."

உங்கம்மா.

எல்லாரும் ரூபாயில கேக்குத இடத்துல பழைய மரக்கால் கணக்குல நெல்லாக் கேக்குதாவ. ஜெபஸ்டின் முழிக்கான். "மூணாந்தரத்தைச் சொல்லுலே"ன்னு அதட்டினாவ. சொல்லிட்டான். சித்தி வந்து என் கையைப் பிடிச்சு இறக்கி, "ஏலத்துல எடுத்த பொருளைக் கோயில்ல போட்டுட்டுப் போவக் கூடாது, வா"ன்னு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. கஞ்சி தந்தாவ.

உன் கண்டிசன் முடிஞ்சுது. நீ எப்ப வாரே?

ரிச்சர்டு


சென்னை
6 நவம்பர் 2024

ரிச்சர்டு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிறது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன். தராசின் மேல் நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அது கொஞ்சம் நீளட்டும் என்று விட்டேன்.

ஏறிய பிறகு பதில் சொல்கிறேன் என்றுதான் எழுதியிருந்தேன். வருகிறேன் என்றோ தருகிறேன் என்றோ எங்கேயும் எழுதவில்லை. எடுத்து வாசித்துப் பாருங்கள். இதோ பதில்: முடியாது.

மனம் இல்லாததால் மட்டும் அல்ல. மனம் இருந்தாலும் முடியாது. நான் உபவாசத்தில் மெலியவில்லை. அந்தப் பண்டிகை முடிந்த தை மாதம் இங்கே வந்து அறுவை செய்துகொண்டேன். இரைப்பையை முட்டை அளவுக்கு வெட்டி, குடலை மடக்கி இணைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கு நானும் ஒரு குப்பிதான். வெட்டியது என்று தெரிந்தால் பெண் வீட்டார் என்ன வியாதி என்று கேட்பார்கள் என்று பயந்து அம்மா அந்தச் சாட்சியைச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. வயிற்றில் இப்படிப் பெரிய அறுவை செய்தவனுடைய மலத்தை எந்த டாக்டரும் இன்னொருவருக்கு ஏற்ற மாட்டார். முதல் கேள்வியிலேயே என்னைத் தள்ளிவிடுவார்கள்.

இது உங்கள் முதல் கடிதத்தை வாசிக்கும்போதே எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் ஏற்றினேன். அம்மா ஏன் நடுவில் வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் போவதில்லை. அவள் ஏலம் கேட்டிருக்க வேண்டியது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

வேறு ஆள் பாருங்கள். சீக்கிரம் பாருங்கள்.

ஹெப்ரான்


முக்கூடல்
11 நவம்பர் 2024

ஏலே ஹெப்ரானு,

உன் கடுதாசி வந்தப்ப நான் மில்லுல உக்காந்திருந்தேன். காலைல இருந்து உக்காந்திருந்தேன். புரியுதா? எந்திரிக்காம.

வெட்டின கதையை உங்கம்மா அன்னைக்கே சொல்லிட்டாவ, கஞ்சியை ஊத்தும்போதே. "அவன் வர மாட்டான் ரிச்சர்டு, வந்தாலும் பிரயோசனம் இல்ல"ன்னாவ. அப்புறம், "எனக்கு அம்பத்திரண்டு வயசு ஆவுது, காய்ச்சலுக்கு கசாயத்தைத் தவிர ஒண்ணும் குடிச்சதில்ல, என்னை டெஸ்டு பண்ணச் சொல்லு"ன்னாவ. மறுநாளே பாளையங்கோட்டைக்கு பஸ்ஸு. ரத்தம், மலம், எல்லாத்தையும் பாத்துட்டு டாக்டர் சிரிச்சாரு. இப்படி ஒரு குடலை நான் பாத்ததே இல்லன்னாரு. நீ தாமதிச்ச பாரு, அந்த நாள்ல சித்தியோடதைக் கரைச்சு எனக்குள்ள விட்டு எல்லாம் முடிஞ்சு போச்சு.

தெரிஞ்சுதான் "எப்ப வாரே"ன்னு எழுதினேன். நீ உண்மையைச் சொல்லுதியா இல்ல இழுத்தடிக்கியான்னு பாக்கணும்னு இருந்துது. சொல்லிட்ட. எப்படிச் சொன்னங்கிறதையும் பாத்தேன்.

அந்தக் கடுதாசியைச் சித்திக்கு வாசிச்சுக் காட்டினேன். முழுசா, ஒரு எழுத்து விடாம. மூணு வருசத்துக்கு முன்னால கேட்டிருக்கணும்னு எழுதியிருந்தியே, அந்த வரியை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாவ. "சின்னப் பிள்ளைலயும் அவன் இப்படித்தான், அடிச்சா அழ மாட்டான், மறந்திருப்பான்னு நாம தூக்கும்போது கடிப்பான்"ன்னாவ. வலிக்குதா? வலிக்கட்டும். நானும் தராசுல நின்னவன்தான்.

நேத்து ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்திரிச்சு நின்னாவ. "நான் சொன்ன சாட்சி பொய். என் மவன் வயித்தை வெட்டித்தான் மெலிஞ்சான். அவனை வெட்டினது டாக்டர் இல்ல, உங்க சிரிப்பு. அதுல நான் முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டதும் சேத்திதான்"ன்னுட்டு உக்காந்துட்டாவ. டார்லின் வீட்டாரும் இருந்தாவ.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. பிள்ளை பொறக்கும்போது முதல் கிருமி தாய்கிட்ட இருந்துதான் வருமாம். அப்படிப் பாத்தா நானும் இப்ப ஜெபகனி சித்தி பெத்த பிள்ளைதான். நீ என்னைச் சாவ விட்டிருப்ப. நான் உன் கூடப்பிறந்தவனா வந்து நிக்கேன். என்ன செய்வ?

ரிச்சர்டு


சென்னை
16 நவம்பர் 2024

ரிச்சர்டு அண்ணனுக்கு,

அம்மா மூன்று வாரமாக என்னிடம் போனில் மழை, வயல், மீன் விலை என்று பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிப்பது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நான் உங்களை மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், குழப்பம் வேண்டாம்.

என் அறுவைக்கு முந்தைய மாதிரியும் பிந்தைய மாதிரியும் எங்கள் கணினியில் இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தையதில் ஒரு கிருமி இருக்கிறது, நாரைத் தின்று வாழ்வது. பிந்தையதில் இல்லை. திரும்ப வரவும் இல்லை. அது அம்மாவிடமிருந்து வந்ததாக இருக்கலாம். நிரூபிக்க முடியாது. ஊரார் மலத்தையெல்லாம் வாங்கிச் சோதிக்கிறவன், அம்மாவிடம் கேட்டதே இல்லை. என்னிடம் இப்போது அது இல்லை. உங்களிடம் இருக்கக்கூடும்.

ஆகையால் கவனமாக வாசியுங்கள். கீரை, வாழைத்தண்டு, பயறு, பழைய சோறு. உங்களுக்குள் வந்த கிருமிகள் பட்டினி கிடக்கக் கூடாது. டாக்டர் எழுதித் தராமல் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கினீர்கள் என்று கேள்விப்பட்டால், அடுத்த ரயிலில் வந்து இறங்குவேன். மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை.

கூடப்பிறந்தவன் என்றெல்லாம் எழுதாதீர்கள். நடந்தது வேறு. ஒரு கோட்டை நெல்லுக்கு அம்மா உங்களை ஏலத்தில் எடுத்திருக்கிறாள், மூன்று தரமும் சொல்லியாயிற்று. நீங்கள் இனி எங்கள் வீட்டுப் பொருள். எங்கள் வீட்டுப் பொருளைக் கெடுக்க யாரையும் விட மாட்டேன், உங்களையும் சேர்த்து.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டிருக்கிறேன். அழைக்க வேண்டாம். எடையை மட்டும் அனுப்புங்கள்.

அடுத்த பண்டிகைக்கு ஊருக்கு வருகிறேன். தராசு அங்கேயே இருக்கட்டும். நான் பார்க்க ஏறுவீர்கள். எடை கூடியிருக்க வேண்டும்.

ஹெப்ரான்